இலவம்பாடி முள்ளுக் கத்தரி: தேடுவோர் கண்ணில் படும் வழி

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெளியூரில் வாங்க விரும்புவோர் இன்று கைப்பேசியில், கூகுளில்தான் தேடுகின்றனர். அங்கே விவசாயியின் பெயர் தென்படாவிட்டால் தரகரை நாடுவர். லாபமும் அவருக்கே போகும்.

தோட்டத்தில் நேரில் விற்போர் கூகுள் வரைபடத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவை எல்லா இடங்களிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இணையதளம் வைத்திருப்போர் பக்கத் தலைப்பில் 'தரமான காய்கறி' என்று போடுவதால் பயன் குறைவு. 'இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுதல் வேண்டும். அறுவடைக் காலம், சொந்த வயலின் படங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பது நலம். வாங்கியவர்களை உண்மையான கருத்து எழுதச் சொல்லலாம்.

'முதலிடம் உறுதி' என்று பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம். கூகுள் விளம்பரத்திற்குக் கட்டணம் பெறுகிறதே தவிர, தேடல் வரிசையில் இடம் விற்பதில்லை. பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம்.