படகில் போவோம், பத்திரமாய் வருவோம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேக்கடி இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி வரும். குமுளிக்குப் பக்கத்தில்தான் தேக்கடி. அங்கே பெரிய ஏரி ஒன்று உண்டு. ஏரியைச் சுற்றிலும் காடு. படகில் உட்கார்ந்தபடியே யானையைப் பார்க்கலாம். காட்டெருமையையும் மிளாவையும் பார்க்கலாம். இதற்காகவே பல ஊர்களில் இருந்து மக்கள் வருகிறார்கள்.

ஏரி எப்படி வந்தது?

இந்த ஏரி தானாக உண்டானது அல்ல. பெரியாற்றின் குறுக்கே முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார்கள். கட்டியவர் பென்னிகுக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1895-ஆம் ஆண்டு அணை வேலை முடிந்தது. தண்ணீர் தேங்கியது. காட்டின் ஒரு பகுதி மூழ்கியது. மூழ்கிய மரங்களின் மொட்டை மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். இந்த ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வருகிறது.

விலங்குகள் ஏன் கரைக்கு வருகின்றன?

கோடையில் காட்டு ஓடைகள் வற்றிவிடும். அப்போது விலங்குகள் தண்ணீர் குடிக்க ஏரிக்கு வரும். ஏரியில் தண்ணீர் இறங்கும்போது கரை வெளியே தெரியும். ஈரமான அந்தக் கரையில் இளம்புல் முளைக்கும். புல்லைத் தின்னவும் விலங்குகள் வரும். காலையும் மாலையும் பார்ப்பதற்கு நல்ல நேரம்.

மறக்க முடியாத நாள்

2009 செப்டம்பர் 30. மாலை நேரம். ஜலகன்யகா என்ற படகு ஏரியில் போய்க்கொண்டிருந்தது. அது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு. இரண்டு தட்டுகள் கொண்டது. கரையில் விலங்குகள் தெரிந்தன. அவற்றைப் பார்க்கப் பலர் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது. கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். பயணிகள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை.

படகு ஏன் கவிழ்கிறது?

தராசை நினைத்துப் பாருங்கள். இரண்டு தட்டிலும் சம எடை இருந்தால் நேராக நிற்கும். ஒரு தட்டில் எடை கூடினால் அந்தப் பக்கம் தாழும். படகும் அப்படித்தான். எல்லோரும் ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கம் தாழும். விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகும். பிறகு படகை நிமிர்த்த முடியாது.

வைக்கோல் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாரம் உயர உயர வண்டி குடை சாயும் பயமும் கூடும். அதுபோல, மேல் தட்டில் ஆட்கள் கூடினால் படகு எளிதில் சாயும். உட்கார்ந்திருப்பவரைவிட நிற்பவரால் ஆபத்து அதிகம்.

அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவதும் ஆபத்து. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். அந்தப் படகில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். எழுத்து மலையாளத்தில் இருக்கலாம். எண் நமக்குத் தெரிந்த அதே எண்தான். கூட்டம் அதைவிட அதிகமா? ஏறாதீர்கள். அடுத்த படகில் போகலாம்.

லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் தண்ணீரைவிட லேசான பொருள் இருக்கிறது. அது நம் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும். வார்களை எல்லாம் இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாகப் போட்டால் தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைகளுக்குச் சின்ன அளவு கேளுங்கள். நீச்சல் தெரிந்தவர்களும் போட வேண்டும்.

யானை தெரிந்தால் எழுந்து ஓடாதீர்கள். இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். கத்தாதீர்கள். சத்தம் கேட்டால் விலங்கு காட்டுக்குள் போய்விடும். அமைதியாக இருப்பவர்களுக்குத்தான் விலங்கு நன்றாகத் தெரியும். அமைதி படகையும் காக்கும்.

பரம்பிக்குளத்திலும் இதே முறைதான்

பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருக்கிறது. பொள்ளாச்சியில் இருந்து சேத்துமடை வழியாக அங்கே போக வேண்டும். அங்கே மூங்கில் தெப்பத்தில் போகலாம். தெப்பம் ஓட்டுபவர்கள் அந்தக் காட்டிலேயே வாழும் பழங்குடி மக்கள். தண்ணீரும் காடும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'இங்கே உட்காருங்கள்' என்று அவர்கள் சொன்னால் அங்கேயே உட்காருங்கள். சுற்றுலா வருமானம் அவர்களுக்கும் வாழ்வு தருகிறது.

தேக்கடியிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. முன்பு காட்டில் களவாக மரப்பட்டை உரித்தவர்கள் சிலர், 1990-களில் திருந்தி வனத்துறையோடு சேர்ந்தார்கள். காட்டைக் காக்கவும் வழி காட்டவும் தொடங்கினார்கள்.

காட்டைப் பார்ப்பது நல்ல அனுபவம். குடும்பத்தோடு போங்கள். ஏறும் முன் எண்ணைப் படியுங்கள். சட்டையைக் கட்டுங்கள். இடத்தை விட்டு எழாதீர்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் படகுக்காரரும் விதியை மீற மாட்டார். கேட்பது நம் உரிமை.