மீனுக்கும் உண்டு முகூர்த்தம்!

உங்கள் வீட்டுச் சுவரில் தினக் காலண்டர் ஒன்று தொங்குகிறதல்லவா? காலையில் அடுப்பில் பாலை வைத்த கையோடு முதல் நாள் தாளைக் கிழித்துவிட்டு, ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது, அமாவாசை என்றைக்கு என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறீர்களல்லவா? அமெரிக்காவின் தென்கோடியில், லூயிஸியானா ராஜ்யத்தின் கடலோரத்திலும் இப்படி அட்டவணை பார்க்கிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு நாள் பார்க்க அல்ல, குழந்தைக்குக் காது குத்தவும் அல்ல. மீன் எந்த நேரத்தில் தூண்டிலைக் கடிக்கும் என்று தெரிந்துகொள்ள!

"எங்கள் வீட்டில் மீன் வாசனையே ஆகாது" என்று சொல்லும் சகோதரிகள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு சமையலறை ஒரு கடலையே காலி செய்யப் பார்த்த கதை இதில் வருகிறது. ஒரு தீவு தண்ணீருக்குள் போன கதையும் வருகிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். மிஸிஸிப்பி என்ற மகாநதி ஆயிரக்கணக்கான வருஷங்களாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய பூமி அது. நிலம் என்றும் சொல்ல முடியாது, நீர் என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்புநீரில் வளரும் புல். புல்லுக்கு நடுவே குட்டைகள், வாய்க்கால்கள், 'பாயூ' என்று அவர்கள் சொல்லும் மந்தமான ஓடைகள். நாற்று நட்ட வயலில் வெள்ளம் புகுந்தாற்போல் இருக்கும். பல இடங்களில் முழங்காலளவுதான் ஆழம். மோட்டார்ப் படகு போனால் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் அங்கே 'கயாக்' என்ற சின்னப் படகுக்கு அத்தனை மவுசு. இரண்டு ஆள் நீளம் இருக்கும். சில அங்குலத் தண்ணீர் போதும், மிதக்கும். ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையாக உள்ள துடுப்பை இப்படியும் அப்படியும் போட்டுக்கொண்டே சந்தடியில்லாமல் போகலாம்.

இந்தப் படகின் பூர்வீகம் லூயிஸியானா அல்ல. வடதுருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசம். அங்குள்ள இன்யூட் மக்கள், கடலில் அடித்துக்கொண்டு வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்ற கடற்பிராணியின் தோலைப் போர்த்தி இதைச் செய்தார்கள். வேட்டைக்குப் போனவர்கள் ஆண்கள். ஆனால் தோலைத் தைத்தவர்கள் யார் தெரியுமா? பெண்கள்தான்! ஒரு சொட்டு ஜலம் உள்ளே கசியாதபடி தைக்க வேண்டும். ஒரு தையல் விட்டுப்போனால் கணவன் உறைபனிக் கடலில் மூழ்க வேண்டியதுதான். இன்றைய கயாக் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. ஊசி நூலுக்கு வேலையில்லை.

வாருங்கள், கற்பனையில் ஒரு கயாக்கில் ஏறிக்கொள்வோம். உயிர்காக்கும் மிதவைச் சட்டையை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். புல்காட்டில் எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி இருக்கும். வழி தவறினால் தேடுவது கஷ்டம்.

பொழுது புலர்கிறது. அதோ, புல்லோரத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு வால் ஆடுகிறது பாருங்கள்! தாமிர நிறம், வாலடியில் மை தீட்டினாற்போல் ஒரு கரும்புள்ளி. அதுதான் 'ரெட்ஃபிஷ்' என்னும் செம்மீன். தலையைக் கீழே நட்டுக்கொண்டு சேற்றில் நண்டு தேடுகிறது. நம் கடற்கரையில் கிடைக்கும் கத்தாளை மீனுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் வயிற்றிலுள்ள காற்றுப்பையை அதிரவைத்து மத்தளம்போல் ஒலி எழுப்பும் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சரி, இந்த மீன் எப்போது கடிக்கும்? அதற்குப் பசிக்கும்போது என்பீர்கள். அதைவிடச் சாப்பாடு நகரும்போது என்பதே பொருத்தம். கடல்நீர் ஏறும்போது இறாலும் நண்டுக் குஞ்சும் பொடி மீனும் புல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கின்றன. நீர் வடியத் தொடங்கினால் உள்ளே இருக்க முடியாது. குறுகலான வாய்க்கால்கள் வழியாக வெளியே வந்தே தீர வேண்டும். அந்த வாய்க்கால் முகத்தில் செம்மீன் காத்து நிற்கும். பந்தி வாசலில் இடம் பிடிக்க நிற்கும் விருந்தாளியைப் பார்த்திருக்கிறீர்களே, அதே மாதிரி! நீர் ஓடினால் விருந்து. நீர் அசையாமல் நின்றால் பெரும்பாலும் பட்டினிதான், மீனுக்கும் மீன் பிடிப்பவருக்கும்.

ஆகவே நீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. அதற்குச் சந்திரனைக் கேட்க வேண்டும். சந்திரன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வர 24 மணி 50 நிமிஷம் ஆகிறது. அதனால் ஏற்றமும் வடிதலும் தினம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகின்றன.

இதில் ஒரு விசேஷம் கேளுங்கள். நம் சென்னைக் கடலில் நீர் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். லூயிஸியானாவிலோ பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வடிதல். அதுவும் சுமார் ஓரடிதான். அங்கே அமாவாசையும் பௌர்ணமியும் அவ்வளவாகச் செல்லுபடியாகாது! சந்திரன் பூமத்திய ரேகைக்கு வடக்கேயோ தெற்கேயோ வெகுதூரம் விலகியிருக்கும் நாட்களில் நீரோட்டம் பலமாயிருக்கும். ரேகைக்கு நேரே வந்துவிட்டால் தண்ணீர் அசையவே சோம்பல்படும். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இது மாறி மாறி வருகிறது.

இத்தனையும் கணக்குப் போட்டுவிட்டுப் போனால், நடுவில் காற்று வந்து கெடுத்துவிடும். குளிர்காலத்தில் வாடைக்காற்று பலமாக அடித்தால், அட்டவணை என்ன சொன்னாலும் சரி, சதுப்பிலுள்ள தண்ணீரையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிடும். நேற்று மிதந்த இடத்தில் இன்று சேறு. மீன்களெல்லாம் மிச்சமிருக்கும் ஆழமான பள்ளங்களில் போய்க் கூடிவிடும். அனுபவசாலி அன்றைக்குப் புல்லோரத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தைத் தேடிப் போவார்.

இனி அந்த முகூர்த்த அட்டவணைக்கு வருவோம். ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926-ல், மீனின் போக்கை மாற்றக்கூடும் என்று சொல்லப்பட்ட 33 காரணங்களை வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்ததில் சூரியன், சந்திரன், கடலின் ஏற்ற இறக்கம் மூன்றுதான் மிஞ்சின. சந்திரன் தலைக்கு மேலும் காலுக்கு நேர் கீழும் இருக்கும் நேரங்கள் 'பெரிய வேளை'. உதயமும் அஸ்தமனமும் 'சின்ன வேளை' என்று பிரித்தார். சூரியனையும் சந்திரனையும் சேர்த்து 'சோலூனார்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் மீன் பிடிப்பவர்களின் கைப்பேசியில் அந்த அட்டவணை இருக்கிறது.

இதில் உண்மை உண்டா? 1954-ல் ஃபிராங்க் பிரௌன் என்ற விஞ்ஞானி ஒரு வேடிக்கை செய்தார். கனெக்டிகட் கடற்கரையிலிருந்து சிப்பிகளை எடுத்து, கடலே இல்லாத இல்லினாய்ஸுக்குக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். முதலில் அவை பழைய ஊரின் ஏற்ற நேரத்துக்கே வாய் திறந்தன. இரண்டு வாரம் போனதும், புது ஊரில் சந்திரன் உச்சிக்கு வரும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டனவாம்! ஆனால் அவர் கணக்கிட்ட முறையைப் பிற்பாடு மற்ற விஞ்ஞானிகள் ஆட்சேபித்தார்கள். நைட்டின் அட்டவணையையும் முடிந்த முடிவாக விஞ்ஞானம் ஏற்கவில்லை. அனுபவசாலிகள் அட்டவணையைப் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஓடும் தண்ணீரையும் காற்றையும் அதைவிட அதிகமாக நம்புகிறார்கள். போகும்போதெல்லாம் தேதி, காற்று, நீர்மட்டம், கிடைத்தது என்ன என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நீங்கள் பால் கணக்கு எழுதுவதைப்போல.

இப்போது சமையலறைக் கதை. 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் பால் புரூடோம் என்பவரும் கே என்பவரும் இருவர் பெயரையும் சேர்த்துக் 'கே-பால்ஸ்' என்று ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். செம்மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, காரப் பொடியைத் தூவி, புகையப் புகையக் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டு மேலெல்லாம் கறுக்கும்படி எடுத்தார் அவர். அவ்வளவுதான்! தேசம் முழுவதும் பைத்தியமாகிவிட்டது. ஊருக்கு ஊர் ஓட்டல்களில் இதே பண்டம். கடலில் கூட்டமாகத் திரியும் பெரிய தாய் மீன்களை வலை வலையாக அள்ளிக் குவித்தார்கள்.

விளைவு? 1980-களின் பிற்பகுதியில் சர்க்கார் தலையிட்டு விற்பனைக்குப் பிடிப்பதைத் தடுக்க வேண்டியதாயிற்று. 2007-ல் ஜனாதிபதியே இதற்காக ஓர் உத்தரவு போட்டார். 2024 முதல் லூயிஸியானாவில் ஒருவர் நாளொன்றுக்கு 4 செம்மீன்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் 18 அங்குலத்துக்கு மேல், 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பெரியவை முட்டையிடும் தாய்கள் என்பதால் உயிரோடு விட்டுவிட வேண்டும். 40 வயதுக்கு மேலும் வாழக்கூடிய மீன் இது!

மீனுக்குச் சட்டம் போட்டாயிற்று. மண்ணுக்கு?

1927-ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு மிஸிஸிப்பியின் இரு கரையிலும் உறுதியான அணைகரைகள் எழுந்தன. ஊர்கள் பிழைத்தன, ஆனால் சதுப்புக்கு வரவேண்டிய வண்டல் நின்றுவிட்டது. எண்ணெய் எடுக்க வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு நீர் உள்ளே புகுந்து புல்லைக் கொன்றது. நிலம் தாழ்கிறது, கடல் உயர்கிறது. 1932 முதல் 2016 வரை மறைந்த நிலம் 4,833 சதுர கிலோமீட்டர்! நம் சென்னை மாநகராட்சியைப்போல் பதினொரு பங்கு.

அங்கே ஜீன் சார்லஸ் தீவு என்று ஓர் ஊர். ஆதிக்குடி மக்கள் வாழ்ந்த இடம். 1955-க்குப் பிறகு அதன் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீராகிவிட்டது. 2016-ல் அரசாங்கம் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கி, வடக்கே மேட்டு நிலத்தில் வீடுகள் கட்டியது. 2022-ல் குடும்பங்கள் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு குடிபெயர்ந்தன. முன்னோர் வாழ்ந்த மண்ணைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போக முடியுமா?

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சதுப்பு உடையும்போது முதலில் மீன் அதிகமாகவே கிடைக்கும். புல்தரை துண்டு துண்டாகும்போது ஓரங்கள் அதிகமாகின்றன. இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் ஓரம்தானே வீடு? ஆனால் துண்டுகளும் கரைந்து வெறும் கடலானால் வீடும் இல்லை, விருந்தும் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள். அணையப்போகும் விளக்கு கொஞ்ச நேரம் பிரகாசமாக எரிகிறது. அதைப் பார்த்து எண்ணெய் நிறைய இருக்கிறதென்று நினைத்துவிடக் கூடாது.

கயாக்கைத் திருப்புவோமா? வீட்டில் எழுதிவைத்த நேரம் நெருங்குகிறது. போன வருஷம் இந்த மூலையில் புல் இருந்ததென்று நோட்டுப் புத்தகம் சொல்கிறது. இன்று இங்கே அலைதான் அடிக்கிறது. சந்திரனின் கணக்கு இன்னும் நூறு வருஷத்துக்குத் தப்பாது. எந்த நாளில் எந்த மணிக்கு நீர் வடியும் என்று இப்போதே சொல்லிவிடலாம். அந்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வருவார். பந்தல் இருக்குமா என்பதுதான் கேள்வி.