சுருங்கும் வான்குடை

ஆகாய விமானத்திலிருந்து தாமாக விரும்பிக் குதிக்கிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். போர்வீரர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கட்டளை உண்டு; கட்டளையிடுகிறவர்களே பாராசூட்டையும் தேர்ந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது, வாரமெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தம் கைப்பணத்தைச் செலவிட்டு, சுமார் 13,000 அடி உயரத்திலிருந்து குதித்து மகிழ்கிறவர்களை. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள பெரிஸ், அரிஸோனாவிலுள்ள ஈலாய், பிளாரிடாவிலுள்ள டிலாண்டு ஆகிய ஊர்கள் இந்த விளையாட்டுக்கென்றே பெயர்பெற்றவை. இவர்களுக்குக் குடையை அளந்து கொடுப்பார் எவருமில்லை. அதைத் தாமே தேர்ந்தெடுக்கிறார்கள். தாமே என்று சொல்வது எவ்வளவு தூரம் உண்மை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பே என் தொழில். ஆகையால் இது என்னை விடாமல் உறுத்துகிறது. பாராசூட்டை நாம் 'வான்குடை' என்கிறோம். அந்தக் காலத்து வட்டமான பாராசூட்டுக்கு அது மிகப் பொருத்தமான பெயர். அது காற்றைத் தடுத்து நிறுத்தும், காற்று போகும் போக்கில் தானும் போகும், அவ்வளவே. ஆனால் 1960-களில் டாமினா ஜால்பெர்ட் என்னும் பட்டம் செய்யும் கலைஞர் அமெரிக்காவில் வேறொன்றைக் கண்டுபிடித்தார். இரண்டு துணித் தளங்கள். இடையிடையே தடுப்புச் சுவர்கள். முன்புறம் திறந்த வாய்கள். அவற்றின் வழியே காற்று புகுந்து நிறைந்ததும் துணி விறைத்துச் சிறகாகிவிடுகிறது. இன்று விளையாட்டு வீரர் தலைக்குமேல் விரிவது இதுதான். இது குடையன்று, சிறகு. சிறகுக்கு முன்னோக்கிய வேகம் உண்டு. திருப்பினால் திரும்பும், கடுமையாகத் திருப்பினால் பாயும். குடை என்ற பெயரோ, இது நம்மை மெல்லத் தாலாட்டி இறக்கும் பொருள் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது.

குடை விரியாமற் போவதால்தான் இவர்கள் மாள்கிறார்கள் என்று நாம் எண்ணுவோம். அமெரிக்கப் பாராசூட் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துத் தொகுப்புகள் வேறு கதை சொல்கின்றன. சில பத்தாண்டுகளாகவே இறப்புகளில் கணிசமான பகுதி, குடை முழுமையாக விரிந்து, எவ்விதப் பழுதுமின்றி வேலை செய்துகொண்டிருக்கும்போது தரையருகே நேர்ந்தவை. மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டில் சுமார் 36½ லட்சம் குதிப்புகள் நடைபெற்றன. இறந்தவர் பத்துப் பேர். ஆயினும் கணுக்காலும் தொடையெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்கள் அந்தப் பத்தில் சேர்ந்தவர்களல்லர்.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். குதிப்பவரின் எடையையும் அவர் சுமக்கும் கருவிகளின் எடையையும் பவுண்டில் கூட்டி, குடையின் பரப்பைச் சதுர அடியில் கொண்டு வகுத்தால் வருவது 'விங் லோடிங்'. சிறகுச் சுமை எனலாம். பயிற்சிப் பள்ளியில் மாணவனுக்குத் தருவது பெரிய குடை. உடலும் கருவியுமாக 185 பவுண்டு நிறையுள்ள ஒருவன் 230 சதுர அடிக் குடையில் இறங்குகிறான் என்போம். சுமை 0.8. அவனே 150 சதுர அடிக் குடைக்கு மாறினால் சுமை 1.23. வேகம் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே ஏறக்குறைய கால் பங்குதான் கூடுகிறது. இது அற்பமாகத் தோன்றும். ஆனால் மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தரையைத் தொடும்போது அவன் அடக்கவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இத்தனைக்கும், நல்ல நாளில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. காற்று சீராக வீசுகிறது; மைதானம் விசாலமாக இருக்கிறது. அவன் தரையருகே வந்ததும் இரு கைப்பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுக்கிறான். காகம் சுவரில் அமர்வதற்குமுன் சிறகை விரித்து நிறுத்துமே, அதுபோலக் குடை வேகம் தணிந்து அவனை நிற்கவைத்துவிடுகிறது. சிறு குடையில் இது இன்னும் அழகாகவே நடக்கும். வேறுபாடு தெரிவது கெட்ட நாளில். காற்றுத் திசை மாறுகிறது. அல்லது வேறொருவர் குறுக்கே வருகிறார். அல்லது எதிரே மின்கம்பி தென்படுகிறது. தரைக்கு நூறடி உயரத்தில் அவன் பதறி ஒரு கைப்பிடியை மட்டும் வலித்து இழுக்கிறான். குடை சாய்ந்து பாய்கிறது. அவன் உடல் ஊஞ்சல்போல வெளியே வீசப்படுகிறது. ஊஞ்சல் மீண்டு குடையின் கீழ் வருவதற்குள் தரை வந்துவிடுகிறது. பெரிய குடையும் இப்படிப் பாயும். எனினும் மெதுவாகப் பாயும். இழக்கும் உயரமும் குறைவு. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் குணமே பெரிய குடையின் சிறப்பு. அந்தக் குணத்தைப் பிழை செய்யாத நாளில் எவரும் காண்பதில்லை.

இந்தக் கணக்கைப் புதியவர்கள் அறியாதவர்களா? நன்றாக அறிவார்கள். வகுப்பில் கற்பிக்கிறார்கள். பின் ஏன் முப்பது, நாற்பது குதிப்புகளிலேயே குடையைச் சுருக்கிக்கொள்ளத் துடிக்கிறார்கள்?

குதிதளத்து வாழ்க்கையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் குதிப்பு, மாலையில் தீமூட்டிச் சுற்றி அமர்ந்து பேச்சு. யார் எத்தனை முறை குதித்தார், யாருடைய குடை எத்தனை சதுர அடி என்பவை அங்கே குலமும் கோத்திரமும் போல. கைதேர்ந்தவர்கள் மிகச் சிறிய குடைகளில் தரையை உரசிக்கொண்டு புல்லின்மேல் பல கஜதூரம் சறுக்கி வந்து நிற்பதை எல்லோரும் கைதட்டிப் பார்க்கிறார்கள். பெரிய குடையில் பூனைபோல இறங்கி நிற்பவனை எவரும் திரும்பியும் பார்ப்பதில்லை. 'படகு வந்து சேர்ந்தது' என்று யாரேனும் கேலி செய்யவும் கூடும். முதன்முறையாக எதைச் செய்தாலும் கூட்டத்துக்குப் பீர் வாங்கித் தரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சிறு குடையில் முதற்குதிப்பும் அத்தகைய கொண்டாட்டமாகிவிடுகிறது. பெரிய குடையிலேயே இன்னும் ஓராண்டு இருப்பது என்று ஒருவன் எடுத்த முடிவுக்கு எந்தக் கொண்டாட்டமும் இல்லை.

அங்கே தீயவர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதியவனுக்கு யோசனை சொல்பவர்கள் அன்புடனேயே சொல்கிறார்கள். 'இரண்டு மாதத்தில் உனக்கு இது சலித்துவிடும்' என்கிறார் ஒருவர். 'நீ நிதானமானவன், உனக்கு ஒன்றும் ஆகாது' என்கிறார் இன்னொருவர். 'நான் ஐம்பதாவது குதிப்பிலேயே மாறினேன், நன்றாகத்தானே இருக்கிறேன்' என்கிறார் மூன்றாமவர். மாறிக் காலொடிந்து விளையாட்டையே விட்டுப்போனவர் அந்தத் தீயருகே அமர்ந்திருப்பதில்லை. அவர் யோசனை கேட்கப்படுவதில்லை. பணக் கணக்கும் சேர்கிறது. முதுகில் சுமக்கும் பை, குடையின் அளவுக்கேற்பத் தைக்கப்படுவது. பெரிய குடைக்குத் தைத்த பையில் மிகச் சிறிய குடை பொருந்தாது. 'இருமுறை ஏன் செலவு செய்கிறாய், இப்போதே சிறியதாக வாங்கிவிடு' என்பது கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. சொல்பவரே தம் பழைய குடையை விற்கக் காத்திருப்பதும் உண்டு.

இருபதாண்டுகளுக்கு முன் நான் தில்லிக்கு வந்த முதல் ஆண்டு நினைவுக்கு வருகிறது. கரோல்பாகில் ஓர் அறையில் நால்வர் இருந்தோம். மார்கழியில் கம்பளிக் கோட்டு வாங்கப் புறப்பட்டேன். 'ஸார், இதெல்லாம் ஒரு குளிரா? நாலு நாளில் பழகிவிடும்' என்றார்கள் அறை நண்பர்கள். அவர்கள் அங்கே ஆறாண்டு இருந்தவர்கள். கோட்டு வாங்கவில்லை. தை பிறந்தது எனக்குத் தெரியாது, காய்ச்சலில் கிடந்தேன். என்னைப் பேணியவர்களும் அவர்களே.

1950-களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் கூடியிருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் முன்னேற்பாட்டின்படி வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். அத்தகைய சுற்றுகளில் அந்த ஒருவர் தந்த விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தின் தவறான விடையாகவே இருந்தன. கண்ணால் கண்ட கோட்டிலேயே இப்படியென்றால், தானே அறிந்திராத ஆபத்தைப் பற்றிப் பழகியவர்கள் சொல்வதைப் புதியவன் மறுப்பது எங்ஙனம்? அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும். தனியாளின் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

குதிதளத்தில் அந்த ஒருவராக இருப்பது பெரும்பாலும் தலைமைப் பயிற்றுநரின் பொறுப்பாகிறது. அவருக்குக் கைகொடுக்கச் சில எண்கள் உண்டு. குடை வடிவமைப்பாளரும் ஆசிரியருமான பிரையன் ஜெர்மெயின் வகுத்த விதி பலரும் அறிந்தது: தொடக்கத்தில் சிறகுச் சுமை 1.0-ஐத் தாண்டக்கூடாது, அதன்பின் நூறு குதிப்புகளுக்கு 0.1 வீதம் உயரலாம். நாம் மேலே கண்ட இளைஞன் 1.23-ஐ அடைய இருநூறு குதிப்புகளுக்கு மேலாகவேண்டும். மெலிந்த உடலினருக்கு இந்த எண் மட்டும் போதாது. சுமை ஒன்றேயாயினும், சிறிய குடையின் கயிறுகள் குட்டையானவை. ஆகவே அது இன்னும் விரைந்து திரும்பும். பெண்கள் பலர் இவ்வகையில் ஏமாந்துபோகிறார்கள். நெதர்லாந்து போன்ற சில நாடுகளில் குதிப்பு எண்ணிக்கைக்கேற்ற குடை அளவு விதியாகவே இருக்கிறது. விதி இருந்தால் பெரிய குடையில் இருப்பது கோழைத்தனமாகத் தோன்றுவதில்லை. 'இன்னும் அனுமதி இல்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அத்தகைய பொது விதி இல்லை. அவரவர் விருப்பம் என்னும் கொள்கையை அவர்கள் எளிதில் விடுவதில்லை. எனினும் இரண்டாம் நிலை உரிமம் பெறக் குடை செலுத்தும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கையைவிடத் திறமையைக் கேட்பது மேல் என்பார்கள் சிலர். இப்போதுள்ள குடையிலேயே தரையருகே பாயாமல் தட்டையாகத் திரும்பத் தெரியுமா? குறுக்குக் காற்றிலும் காற்றே இல்லாதபோதும் நின்ற நிலையில் இறங்க முடியுமா? முப்பதடி வட்டத்துக்குள் தவறாமல் இறங்க முடியுமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லக்கூடியவனுக்குப் பெரிய குடை சலித்திருக்காது என்பது என் ஐயம். சிறு குடைக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது: பலத்த காற்றில் மிகப் பெரிய குடை முன்னேறாமல் பின்னுக்கே போகக்கூடும். அத்தகைய நாளில் குதிக்காமல் தரையில் அமர்ந்திருப்பதும் ஒரு வழி. அதற்கும் கைதட்டுவார் இல்லை.

நம் இல்லங்களிலிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றிருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களில் ஒருவர் இந்த விளையாட்டில் சேர்ந்து, சொந்தமாகக் குடை வாங்கப்போவதாக வீட்டுக்குச் சொல்லக்கூடும். வேண்டாம் என்று மன்றாடுவதால் பயன் இராது. அதைவிட, மூன்று எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கருவிகளோடு எடை எத்தனை பவுண்டு, குடை எத்தனை சதுர அடி, இதுவரை எத்தனை குதிப்பு. வகுத்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை. பிறகு நான்காவதாக, அந்த அளவை முதலில் சொன்னவர் யார் என்றும் கேளுங்கள்.