புகையில்லாக் காரும் நுரைச்சோலைப் புகையும்

பெற்றோலும் டீசலும் எரித்து ஓடும் கார்களுக்கு விடைகொடுப்பதா, வேண்டாமா? ஐரோப்பாவில் இன்று நடக்கும் பெரிய வாதம் இது. 2035ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் கரியமில வாயுவை வெளிவிடலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்தது. சட்டம் நிறைவேறும் தறுவாயிலேயே செயற்கை எரிபொருளுக்கு விலக்குக் கேட்டு நின்றது ஜேர்மனி. 2025 டிசெம்பரில் ஒன்றியத்தின் ஆணைக்குழுவே, 100 சதவீதக் குறைப்பை 90 ஆகத் தளர்த்தலாம் என முன்மொழிந்தது. தொழிலாளர் வேலையிழப்பர் என்பது ஒரு சாராரின் கவலை. வெப்பமேறும் பூமி காத்திராது என்பது மறு சாராரின் எச்சரிக்கை.

எங்கோ நடக்கும் வழக்கில் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். கற்பிட்டிக் குடாநாட்டார் அவ்வாறு கேட்பதற்கில்லை. நாட்டின் மிகப் பெரிய மின்னிலையம் அவர்களது நுரைச்சோலையிலேயே நிற்கின்றது. 2011இல் முதற்பகுதியும் 2014இல் மற்றை இரு பகுதிகளும் இயங்கத் தொடங்கின. மொத்த வலு 900 மெகாவாட். எரிவதோ கப்பலில் வரும் அந்நிய நிலக்கரி. மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை என்பது மெய்தான். ஆயினும் இலங்கையில் அதற்கு ஊட்டப்படும் மின்சாரத்தின் ஒரு பங்குக்கு உரிய புகையும் சாம்பலும் இக்கரையிலே தங்கிவிடுகின்றன.

அப்படியாயின் மின்சாரக் கார் வீண் என்பதா? அன்று. பெற்றோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கையே சக்கரத்துக்குத் தருகின்றது. எஞ்சியது வெப்பமாய் வீணாகும். மின்மோட்டாரோ பெற்றதில் பெரும்பகுதியைப் பயன்படுத்திவிடும். ஆனால் நிலக்கரி உலையிலும் பெருவெப்பம் வீணாவதால், கரியிலிருந்து பெறும் மின்சாரத்தில் இலாபம் சிறிது. நீரிலும் காற்றிலும் பெறுவதில் பெரிது. 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். அந்நாட்டு மின்சாரமோ பெரும்பாலும் நீர்வீழ்ச்சியின் கொடை.

கற்பிட்டிக்கும் ஒரு கொடை உண்டு. இங்குள்ள மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரியை இறக்க இயலாது. காற்றாலைக்கு நல்ல காற்றுக் கிடைப்பதும் அதே மாதங்களில்தான்!

மாற்றத்தின் சுமை யார் தலையில் விழும் என்பதையும் எண்ணவேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய சிறு படகுகளை நம்பிய மீனவக் குடும்பங்கள் அதனால் பட்ட பாட்டை இக்கரையோரம் நன்கறியும். பழையதைக் கைவிடச் சொல்லுமுன், ஏழைக்கு எட்டும் விலையில் புதியது கையில் இருக்கவேண்டும்.

எனவே மாணவர்களே, மின்சாரக் காரைக் கண்டால் வியப்பதோடு நில்லாது, அதன் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது, அதன் விலையை யார் செலுத்துகின்றார் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இவற்றுக்கு நேர்மையான விடை கண்ட நாடே இவ்வாதத்தில் வெல்லும்.