எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம், அண்ணே?

குமுளி, மூணாறு, கொழிஞ்சாம்பாறை என்று எல்லையோர ஊர் எதில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது: “சீகேட் நல்லதா, டபிள்யூடி நல்லதா அண்ணே?” கேட்பவர் பெரும்பாலும் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பியாக இருப்பார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஊரின் பாதிக் குடும்பங்களின் படங்கள் அவர் மேஜை டிராயரில் கிடக்கும். இல்லையென்றால் ஏலக்காய் ஸ்டோரில் கேமரா மாட்டியவர். இருவருக்கும் ஒரே சொல்லில் பதில் வேண்டும். எனக்கு அது வராது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள் என்பேன்.

“என்கிட்ட ரெண்டு சீகேட் அடுத்தடுத்துப் போச்சு. இனி அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன்” என்பார் ஒருவர். நாலு கடை தள்ளி இருப்பவர் டபிள்யூடியைப் பற்றி அதையே சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூன்று டிஸ்க்கை வைத்து ஒரு கம்பெனியை எடை போட முடியாது. ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கம்பெனியின் டிஸ்க் வருஷத்துக்கு நூற்றில் ஒன்று வீதம் கெடுகிறது, இன்னொன்றினுடையது நூற்றில் இரண்டு. இரண்டாவது, முதலாவதைவிட இரண்டு மடங்கு மோசம். இப்போது நீங்கள் 5 டிஸ்க் வாங்கி 5 வருஷம் ஓட்டுகிறீர்கள். நல்ல கம்பெனியை எடுத்த நூறு கடைகளில் சுமார் 78 கடைகளில் ஒன்றுகூடக் கெட்டிருக்காது. மோசமான கம்பெனியை எடுத்த நூறில் 60 கடைகளிலும் அப்படித்தான். அந்த 60 பேரும் தங்கள் கம்பெனிக்குச் சத்தியம் செய்வார்கள். நல்ல கம்பெனியை வாங்கியும் அடிபட்ட 22 பேர் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். நம் டீக்கடையில் நடக்கிற வாக்குவாதம் முழுக்க இவ்வளவுதான்.

அப்படியானால் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 2007-ல் தொடங்கியது, மற்றவர்களின் கோப்புகளை வாடகைக்குப் பாதுகாத்துக் கொடுப்பது அதன் தொழில். தன்னிடம் ஓடும் ஒவ்வொரு டிஸ்க்கையும் 2013 முதல் நாள்தோறும் பதிவுசெய்து, மாடல் வாரியாக எத்தனை கெட்டன என்று வெளியிடுகிறது. இன்று அதனிடம் 3 லட்சத்துக்கு மேல் டிஸ்க்குகள் ஓடுகின்றன. கணக்குப் போடும் முறையும் நியாயமானது. நேற்று மாட்டியதையும் நாலு வருஷம் ஓடியதையும் ஒன்றாக எண்ணாமல், எல்லா டிஸ்க்கும் ஓடிய நாட்களைக் கூட்டி, அதை ஆண்டுகளாக்கி, கெட்டவற்றின் எண்ணிக்கையை அதனால் வகுக்கிறார்கள். அப்படி வந்த மொத்த விகிதம் 2020-ல் 0.93 சதவீதம், 2021-ல் 1.01, 2022-ல் 1.37, 2023-ல் 1.70. டிஸ்க்குகளுக்கு வயது ஏற ஏற விகிதமும் ஏறியது.

அந்தப் பட்டியலில் எல்லாரும் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 2014-ஆம் ஆண்டுக் கணக்கில் சீகேட்டின் 3 டிபி டிஸ்க் 43 சதவீதம் கெட்டது. இன்றைக்கும் சீகேட் என்றால் முகம் சுளிப்பவர்களில் பலருக்கு, தெரிந்தோ தெரியாமலோ, மூலக்காரணம் இந்த ஒரு மாடல்தான். ஆனால் அதே ஆண்டில், அதே கம்பெனியின் 4 டிபி டிஸ்க் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே கெட்டது. ஒரே கம்பெனி, ஒரே பெயர். நடுவில் இத்தனை தூரம். ஒரு கம்பெனியின் நல்ல மாடலுக்கும் கெட்ட மாடலுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. புட்டடி ஏலத்தில் ஏலக்காயை யாருடைய தோட்டம் என்று மட்டும் கேட்டு யாரும் விலை வைப்பதில்லை. 8 மில்லிமீட்டர் காயா, நிறம் எப்படி, எந்தப் பறிப்பு என்று கையில் அள்ளித்தான் பார்க்கிறார்கள். டிஸ்க்கிலும் லேபிளில் உள்ள மாடல் எண்தான் சரக்கு. கம்பெனிப் பெயர் தோட்டத்துப் பெயர் மட்டுமே.

அந்தப் பெயர்களும் நிலையாக இருந்ததில்லை. ஐபிஎம்தான் 1956-ல் முதல் டிஸ்க்கைச் செய்தது. கொள்ளளவு 5 எம்பி, இன்றைய ஒரு செல்போன் படத்துக்குச் சரி. அதே ஐபிஎம் 2000-ல் கொண்டுவந்த டெஸ்க்ஸ்டார் வரிசையின் ஒரு மாடல் மளமளவென்று செத்து, ‘டெத்ஸ்டார்’ என்று பட்டப்பெயர் வாங்கியது. பிறகு அந்தத் தொழில் ஹிட்டாச்சிக்குப் போனது. கேலிக்கு ஆளான அதே வரிசை, ஹிட்டாச்சியின் கையில் பேக்பிளேஸ் பட்டியலிலேயே மிகக் குறைவாகக் கெடும் டிஸ்க் என்று பெயர் எடுத்தது. 2012-ல் ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவை டபிள்யூடி வாங்கியது. போட்டி குறையக் கூடாது என்ற நிபந்தனையால் அதில் ஒரு பங்கு தோஷிபாவுக்குக் கைமாறியது. மாக்ஸ்டரும் சாம்சங்கின் டிஸ்க் பிரிவும் சீகேட்டுக்குள், ஃபுஜிட்சு தோஷிபாவுக்குள். இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் சீகேட், டபிள்யூடி, தோஷிபா மூவர் மட்டுமே. ‘எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் கம்பெனிதான்’ என்று டிஸ்க் விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது.

சில மாடல்களின் விவரத்தாளில், கெடுவதற்கு முன் சராசரியாக 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். அதாவது 114 வருஷம். அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் இல்லை. கூட்டமாக ஓட்டினால் வருஷத்துக்கு 0.88 சதவீதம் கெடும் என்ற கணக்கு. 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து, நடைமுறையில் அது 2 முதல் 4 சதவீதம் என்றும் சில இடங்களில் 13 வரை போகிறது என்றும் காட்டினார்கள்.

இதெல்லாம் குளிரூட்டிய அறையில், ஒருபோதும் அணையாத கரண்டில் ஓடும் டிஸ்க்குகளின் கதை. நம் ஊருக்கு வருவோம்.

பங்குனி சித்திரையில் கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரர் கேஸின் பக்கமூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருப்பார். மூணாறுக்காரருக்கு அதைக் கேட்டால் சிரிப்பு, “எங்களுக்கு இயற்கையே ஏசி.” ஆராய்ச்சிகள் இதைக் கொஞ்சம் தலைகீழாக்குகின்றன. 2007-ல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தபோது, சூடு எல்லாரும் நினைத்த அளவு குற்றவாளி இல்லை என்று தெரிந்தது. மிக அதிகச் சூட்டிலும், மூன்று வயது தாண்டிய டிஸ்க்குகளிலும்தான் அதன் வேலை தெரிந்தது. 2016-ல் மைக்ரோசாஃப்டின் ஒன்பது தரவு மையங்களை ஆராய்ந்தவர்கள், வெளிக்காற்றால் குளிர்விக்கும் இடங்களில் சூட்டைவிட ஈரப்பதமே பெரிய எதிரி என்றார்கள். அது கெடுப்பது உள்ளே சுழலும் தட்டை இல்லை. அடியில் உள்ள பச்சைப் பலகையை, மின் இணைப்புகளை. ஆனி ஆடியில் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாத தேவிகுளத்தையும் பீருமேட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டிஸ்க்கைக் கையில் எடுத்து மூடியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஊசிமுனை போல ஒரு துளை இருக்கும். இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு உள்காற்று ஈடு கொடுப்பதற்கான வழி அது. தூசியை உள்ளே ஒரு வடிகட்டி தடுக்கிறது. எழுதும் ஹெட், தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மெத்தையில்தான் மிதக்கிறது. காற்று மிகவும் மெலிந்தால் மிதக்காது என்பதால் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு சுமார் 3,000 மீட்டர் உயரம் எல்லை. மூணாறு அதில் பாதிதான். ஆனைமுடி உச்சியே 2,695 மீட்டர். உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஈரத்துக்குப் பயப்படுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் தன் சூட்டிலேயே தன்னைக் காயவைத்துக்கொள்ளும். அலமாரியில் ஆறு மாதம் தூங்குவதுதான் ஈரம் குடிக்கும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஸ்டுடியோக்காரர்கள் ஏற்கெனவே டிரை பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதே பெட்டியில் டிஸ்க்கையும் வையுங்கள். மார்கழிக் குளிரில் கிடந்த டிஸ்க்கை கீழே கொண்டுவந்த உடனே மாட்டாதீர்கள். வியர்த்திருக்கும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

அடுத்தது கரண்ட். மின்சாரம் திடீரென்று போனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டைப் பத்திரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்கில் உண்டு. அழகான வேலைப்பாடு. ஆனால் கம்ப்யூட்டரை முறையாக அணைக்கும்போது நடக்கும் ஒதுக்கத்தைவிட இது முரட்டுத்தனமானது. மழைக்காலத்தில் நாளுக்குப் பலமுறை நடந்தால் தேய்மானம்தான். ஐப்பசி இடிக்கு யுபிஎஸ்ஸும் போதாது. மின்னல் வருகிற சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கி வைப்பது ஒன்றே வழி.

ஏலக்காய் ஸ்டோர் அண்ணனின் விஷயம் வேறு. அவர் டிவிஆரில் மாட்டியிருப்பது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சாதா டிஸ்க். நாலு கேமரா, ஒவ்வொன்றும் வினாடிக்கு 4 மெகாபிட் எழுதுகிறது என்றால் மொத்தம் வினாடிக்கு 2 எம்பி. நாளுக்கு 172 ஜிபியைத் தாண்டும், வருஷத்துக்கு 63 டிபி. சாதா மேஜைக் கணினி டிஸ்க்குக்குக் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் சுமை வருஷத்துக்கு 55 டிபி. கேமராவுக்கென்றே வரும் ஸ்கைஹாக், பர்ப்பிள் வகைகளுக்கு 180 டிபி. அவருடைய டிஸ்க் முதல் நாளிலிருந்தே அளவுக்கு மீறிச் சுமக்கிறது. அது கெட்டால் சீகேட்டைத் திட்டினாலும் டபிள்யூடியைத் திட்டினாலும் ஒன்றுதான். கம்பெனிக்குள்ளேயே வகை பார்த்து வாங்குவது, கம்பெனி பார்த்து வாங்குவதைவிட அவருக்கு அதிகம் உதவும்.

இப்போது நான் சொல்ல வந்தது. வருஷத்துக்கு நூற்றில் ஒன்று கெடும் நல்ல டிஸ்க் ஒன்றில் மட்டும் படங்களை வைத்தால், அந்த வருஷம் எல்லாம் போக நூற்றில் ஒரு வாய்ப்பு. நூற்றில் இரண்டு கெடும் மட்டமான டிஸ்க் இரண்டில் ஒரே படங்களை வைத்தால், ஒரே வருஷத்தில் இரண்டும் போக 2,500-ல் ஒரு வாய்ப்பு. மட்டமானது இரண்டு, உசத்தியானது ஒன்றை 25 மடங்கு அடித்துவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டும் ஒரே காரணத்தால் சாகக் கூடாது. ஒரே பிளக் பாயிண்ட்டில் இருந்தால் ஒரு மின்னல் போதும். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியிருந்தால் ஒரே தயாரிப்புக் கோளாறு போதும். அதனால் ஒன்று சீகேட், ஒன்று டபிள்யூடி என்று வாங்குங்கள். கம்பெனிப் பெயர் உங்களுக்கு உருப்படியாகப் பயன்படும் இடம் இதுதான். ஒன்றை மலைக்குக் கீழே வையுங்கள். குமுளிக்காரருக்குக் கம்பத்தில் மாமன் மச்சான் இல்லாமலா போவார்கள்? மூணாறுக்குப் போடி, கொழிஞ்சாம்பாறைக்குப் பொள்ளாச்சி.

“அண்ணே, கெடப்போறது முன்னாடியே தெரியுமா?” என்று தம்பி கேட்பார். பாதி தெரியும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் வரிசையாக எண்கள் வரும். 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள்; மூல மதிப்பு சுழியாக இருக்க வேண்டும். ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் வில்லன், மாற்றிப் பாருங்கள். கூகுள் ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் கெட மற்றதைவிட 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் கெட்டவற்றில் 36 சதவீதத்துக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயின. பச்சையாக ‘குட்’ என்று எழுதியிருப்பதை நம்பி நகலைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே திரையில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். புது டிஸ்க் வாங்கிய அன்றே கடையில் வைத்துப் பாருங்கள். 8,760 என்றால் ஒரு வருஷம் இடைவிடாமல் ஓடியது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் அந்த எண்ணைச் சுழியாக்கிப் புதிது என்று விற்கப்பட்டது அம்பலமானது. திரை சுழி காட்டினாலும் சாட்டா முனையில் கீறல் தெரிந்தால் வாங்காதீர்கள்.

பிறகு வாரண்டி. சாதா டிஸ்க்குக்கு 2 அல்லது 3 வருஷம், உயர்ரகத்துக்கு 5. கெட்டால் டிஸ்க்கைக் கொடுத்தால் டிஸ்க் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் பழுது நீக்கியது. உள்ளே இருந்த கல்யாணத்துக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. தம்பி, உங்கள் டிராயரில் இருக்கும் டிஸ்க்குகளின் பில் தேதியை இன்று ராத்திரியே பாருங்கள். மூன்று வருஷம் தாண்டியதை முதலில் நகல் எடுங்கள்.