குதிரையின் நாடி நிறுத்தும் கடிகாரம்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்ல ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். இத்தொலைவை ஒரு குதிரை, முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு ஒரே காலையில் கடக்க முடியுமா? முடியும். நன்கு பழகிய குதிரைக்கு இடை ஓய்வும் சேர்த்து நான்கு மணி நேரம் போதும். ஆனால், வந்து சேர்ந்தபின் அது எந்நிலையில் உள்ளது? இக்கேள்வியையே விதியாகக் கொண்ட விளையாட்டுதான் 'எண்டியூரன்ஸ்' எனப்படும் தாங்குதிறன் சவாரி.

1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெண்டல் ராபி என்பவர் தொடங்கிய 'டெவிஸ் கோப்பை' சவாரியில் 100 மைல்களை 24 மணி நேரத்திற்குள் கடக்க வேண்டும். 100 மைல் என்பது 160 கி.மீ.; ஏறக்குறைய சேலத்திலிருந்து கோவை வரை! 1978-இல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இவ்விளையாட்டை ஏற்றது. வழியில் ஆங்காங்கே கால்நடை மருத்துவர்கள் குதிரையைச் சோதிப்பார்கள். நொண்டினாலோ நாடி தணியாவிட்டாலோ அத்துடன் சரி. மேலே செல்ல இசைவு இல்லை.

அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி 80 கி.மீ.க்குக் குறைந்தது தாங்குதிறன் சவாரியே ஆகாது. 40 முதல் 56 கி.மீ. வரை உள்ளவை 'வரையறைத் தொலைவுச் சவாரி' என்னும் தனிப் பிரிவு. நம் சேலம் - நாமக்கல் தொலைவு இப்பிரிவில் அடங்கும். இதனைச் சிறுவர் விளையாட்டு என்று எள்ளுவோரும் உண்டு. அவர்கள் இயற்பியலை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகிறது. 450 கிலோ எடையுள்ள குதிரை மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் ஓடும்போது அதன் உடலில் தோராயமாக 7 கிலோவாட் வெப்பம் பிறக்கும். ஏழு மின் இஸ்திரிப் பெட்டிகளை ஒருசேர வயிற்றுக்குள் வைத்ததுபோல! நிமிடத்துக்கு 420 கிலோஜூல். உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு 3.5 கிலோஜூல் எனக் கொண்டால், முழு உடலையும் ஒரு டிகிரி சூடேற்ற 1,575 கிலோஜூல் தேவை. ஆகவே வெப்பம் வெளியேறாவிட்டால் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடு ஏறும். 38 டிகிரியில் புறப்பட்ட குதிரை கால் மணியில் 42 டிகிரியை நெருங்கிவிடும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

காப்பது வியர்வை. ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூலை எடுத்துச் செல்கிறது. அவ்வளவு வெப்பத்தையும் வியர்வையே நீக்குவதானால் மணிக்குப் பத்து லிட்டர் வேண்டும். குதிரையால் அவ்வளவு வியர்க்கவும் முடியும். ஆனால் ஆவியாகாமல் தரையில் சொட்டுவது குளிர்விப்பதில்லை. உப்பைத்தான் இழக்கச் செய்கிறது. குதிரையின் வியர்வையில் நம்முடையதைவிட உப்பு மிகுதி. போதாக்குறைக்கு, கிலோ எடைக்கு மனிதனுக்குள்ள தோற்பரப்பில் பாதிகூடக் குதிரைக்கு இல்லை. பெரிய அண்டாச் சோறு மெல்லத்தானே ஆறும்?

160 கி.மீ. சவாரியில் நீரிழப்பும் உப்பிழப்பும் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும். 40 கி.மீ. சவாரியில் இக்கடன் சிறிது; அன்று மாலைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாறாக வேறோர் ஆபத்து உண்டு. தொலைவு குறைவுதானே என்று ஆள் குதிரையை விரட்டுவான்! வேகம் கூடினால் ஒவ்வொரு நிமிடமும் பிறக்கும் வெப்பமும் கூடும்.

இதைத் தடுக்கவே அந்த அழகான விதி. நீண்ட சவாரியில் எல்லைக் கோட்டைக் கடந்த நேரமே முடிவு நேரம். நாடி குறித்த நேரத்தில் தணிய வேண்டும் என்பது தனி நிபந்தனை. வரையறைத் தொலைவுச் சவாரியிலோ நாடி நிமிடத்துக்கு 60-க்கு இறங்கும் நொடியில்தான் கடிகாரம் நிற்கும். அரை மணிக்குள் இறங்காவிட்டால் தகுதி இழப்பு. இரு குதிரைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று 8 மணிக்கு வருகிறது. நாடி தணிய 14 நிமிடம் ஆகிறது. மற்றொன்று 8.05-க்கு வந்து மூன்றே நிமிடத்தில் தணிகிறது. வென்றது பின்னால் வந்ததே!

60 என்னும் எல்லைக்கும் பொருள் உண்டு. ஓய்வில் குதிரையின் நாடி 28 முதல் 40; முழு ஓட்டத்தில் 220-ஐயும் தாண்டும். நின்றவுடன் நாடி முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு தயங்கித் தயங்கி இறங்கும். சுடுநீர் ஆறுவதைப் போல. அந்தக் கடைசித் தயக்கத்துக்கு உடலில் தேங்கிய வெப்பம் ஒரு முக்கியக் காரணம். வெப்பமானி இல்லாமலே வெப்பத்தை அளக்கும் வழி இது!

இளங்குதிரைகளுக்கு இச்சவாரி பள்ளிக்கூடமுமாகும். இதயமும் தசையும் சில மாதப் பயிற்சியில் வலுப்பெற்றுவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் ஓராண்டுக்கு மேலும் வேண்டும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று நம்பிக் கால்களைக் கெடுத்துவிடுவது எளிது. ஆகவேதான் அமெரிக்கச் சங்கம் வரையறைத் தொலைவுக்கு நான்கு வயதும், 80 கி.மீ.க்கு ஐந்து வயதும் நிரம்ப வேண்டும் என்கிறது.

நம் சமவெளிக்கு ஏற்ற காலம் மார்கழி, தை. சித்திரையில் காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை எட்டிவிடுவதால், காற்று பட்டுக் குளிரும் வழி அடைபட்டு வியர்வை ஒன்றே மிஞ்சும். விடியுமுன் புறப்பட்டு, இராசிபுரத்தில் குதிரையை நிறுத்தி, சேணம் கழற்றி, தண்ணீர் ஊற்றிச் சோதித்து அனுப்பலாம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால் சோதிக்க ஆளுக்கும் பஞ்சமில்லை.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் சுழி பார்த்துக் குதிரை வாங்குவோர் நாடியும் பார்க்கலாம். குதிரையைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துங்கள். இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னே, மார்போடு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. 15 நொடியில் 15 துடிப்பு எண்ணினால் நாடி 60.