எண்ணூரில் மதகு இல்லை

1999 மார்ச் கடைசியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறையொன்றில் நீருக்குள் இறங்கிய ஆய்வாளர்கள், விரல்நுனி அளவேயான வரிச்சிப்பிகள் தூண்களையும் படகுகளின் அடியையும் அப்பிக் கிடப்பதைக் கண்டார்கள். ஆறு மாதம் முன்பு அங்கே தேடியபோது ஒன்றுகூட இல்லை. மத்திய அமெரிக்கக் கடலோரத்துச் சிப்பி அது. வெளியூர்ப் படகொன்றில் ஒட்டி வந்திருக்க வேண்டும். ஒரு மாத வயதிலேயே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும் என்பதால் அரசு காத்திருக்கவில்லை. மூன்று படகுத்துறைகளின் மதகுகளை மூடி, குளோரினையும் மயில்துத்தத்தையும் கொட்டியது. சில வாரங்களில் சிப்பி ஒழிந்தது. உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன. செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். ஒரு சிப்பிக்காக நீரையே நஞ்சாக்குவதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் உள்ளூர் உயிர்கள் வெளிக்கடலிலிருந்து திரும்பி வந்துவிட்டன. அந்தச் சிப்பி வெளிக்கடலுக்குப் போயிருந்தால் அதை யாராலும் திரும்பப் பிடித்திருக்க முடியாது.

சென்னையை அடுத்த எண்ணூரிலும் இப்படியொரு சிப்பி வந்திருக்கிறது, ஆனால் அங்கே மூடுவதற்கு மதகு இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, மீனவர் வாயில் ‘காக்கா ஆழி’ ஆகிவிட்ட சிப்பி, கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் பரவிவிட்டது. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு, மேலே ஓடு மூடிவிட்டால் புகலிடம் ஏது? சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர்களின் விரலில் படுவதும் அந்த ஓடுதான். அள்ளி எறிந்தால் போயிற்று என்கிறார்கள். அள்ளத்தான் வேண்டும், ஆனால் எஞ்சியவை விடும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓதத்தோடு மிதந்து போகும். பிடித்துத் தின்னலாமே என்போர், ஆலைக்கழிவு கலந்த நீரை வடிகட்டி உண்ணும் உயிர் அது என்பதை நினைக்க வேண்டும்.

பரவியபின் ஒழிப்பது கடினம், இத்தகைய உயிர்கள் வருவதோ கப்பல்களோடு. ஆகவே தடுப்பு கப்பலிலேயே தொடங்க வேண்டும். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீருக்கு 2017 முதல் சர்வதேச ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டி வருபவற்றுக்கோ, பல நாடுகளில் வழிகாட்டுதல்தான் இருக்கிறது. நியூசிலாந்து 2018 முதல் கப்பல்கள் சுத்தமான அடியோடு வரவேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. வணிகத்துக்குச் சுமை என்பது வலுவான வாதமல்ல. அடியில் சிப்பி ஒட்டினால் கப்பல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். சுரண்டுவது முதலாளிக்கே லாபம். சுரண்டியதை நம் துறைமுகத்துக்குள் உதிர்க்காமல் சேகரிப்பதுதான் கூடுதல் வேலை. அதோடு ஒவ்வொரு துறைமுகத்திலும் சில பலகைகளை நீருக்குள் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை தூக்கி, புதிதாக என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு கயிறும், உள்ளூர்ச் சிப்பியின் அடையாளம் தெரிந்த ஒருவரும். எண்ணூர் மீனவர்களில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.